வேலைக்கு ஆள் எடுக்கும் முன் விசாரிக்கப் போய் எங்களுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

ஆளை எடுப்பதற்கு முன்னால் நாலு இடத்தில் விசாரித்துக்கொள் என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கே, எந்த நேரத்தில், எந்தக் கேள்வியைக் கேட்டால் வம்பு வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நானும் மனைவியும் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட் நடத்துகிறோம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 60 பேர் வரை இருப்பார்கள். எங்கள் அளவு கம்பெனியில் ஹெச்.ஆர். என்று தனியாக யாரும் கிடையாது. சம்பளம் போடுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்ப்பது, ஆள் எடுப்பது எல்லாம் வீட்டம்மாதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர் ஜாப் ஒர்க், அதாவது வெளியே கொடுத்துச் செய்யும் வேலைகளின் பில்களில் கைவைத்துவிட்டார். டையிங்குக்குப் போகாத துணிக்கு டையிங் பில், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) ஆகாத துணிக்கு காம்பாக்டிங் பில் என்று 4 லட்சத்துக்கு மேல் போன பிறகுதான் தெரிந்தது. போலீசுக்குப் போகவில்லை, பணமும் முழுசாக வரவில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒரு மெர்ச்சண்டைசர் எடுக்க வேண்டி வந்தது. மெர்ச்சண்டைசர் என்றால் பையரோடு பேசுவதும், சாம்பிள் அப்ரூவல் வாங்குவதும், ரேட் தெரிந்திருப்பதும் அவர்தான், கம்பெனியின் பாதி ரகசியம் அவர் கையில் இருக்கும். இந்த முறை முறைப்படி விசாரித்துத்தான் எடுப்பது என்று முடிவு செய்தோம். நண்பர் ஒருவர் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சி ஒன்றைச் சொன்னார். பெயர் சொல்லப் போவதில்லை. 25,000 முன்பணம் கட்டினால் அந்த வருடம் எடுக்கிற ஆட்களை எல்லாம் சரிபார்த்துக் கொடுப்போம் என்றார்கள். முகவரி, படிப்பு, பழைய கம்பெனி, கோர்ட் ரெக்கார்ட், மெடிக்கல் எல்லாம் ஒரே பேக்கேஜ்.

நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒரு தம்பி எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல அனுபவம், பேச்சில் நிதானம். சம்பளம் 36,000 என்று பேசி முடித்தோம். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "அண்ணா, நான் இன்னும் அங்க பேப்பர் போடலைங்க. நீங்க லெட்டர் குடுத்த பொறகுதான் சொல்லணும். அதுவரைக்கும் அங்க தெரிய வேண்டாமுங்க." சரி தம்பி என்றேன். மனைவி அதையே ஏஜென்சிக்கு மெயிலில் எழுதினாள், இப்போதைய கம்பெனியைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று தனி வரியாக. அந்த மெயில் மட்டும் இல்லையென்றால் எங்கள் கதை இன்னும் மோசமாக முடிந்திருக்கும்.

ஏஜென்சியில் யாரோ ஒரு பையன், மெயிலைப் பார்த்தானோ இல்லையோ, நேராக அந்தக் கம்பெனி ஹெச்.ஆர். நம்பருக்கே போன் போட்டுவிட்டான். இவர் உங்களிடம் எப்போதிலிருந்து வேலை செய்கிறார், நடத்தை எப்படி என்று கேட்டதோடு விடவில்லை. இவர் பேரில் கிரிமினல் கேஸ் இருப்பதாக எங்கள் ரெக்கார்டில் வருகிறதே, உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டிருக்கிறான். மறுநாளே அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அதே நேரம் எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் கோர்ட் ரெக்கார்ட் என்ற இடத்தில் சிவப்பு. அதைப் பார்த்து நாங்களும் ஆஃபர் லெட்டரை நிறுத்தி வைத்தோம். ஆக அவருக்கு இருந்த வேலையும் போச்சு, வரவிருந்த வேலையும் போச்சு. கொஞ்ச நாளில் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 10 லட்சம் நஷ்டஈடு, அதோடு அவதூறுக்கு கிரிமினல் புகார் கொடுப்போம் என்று. முதல் பெயர் எங்களுடையது, ஏஜென்சி இரண்டாவதுதான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கோபம்தான் முதலில் வந்தது. போன் பண்ணியது யாரோ, நோட்டீஸ் எனக்கா? ஏஜென்சிக்கு அடித்தால், "சார், அக்ரிமென்ட்டைப் பாருங்க" என்றார்கள். பார்த்தோம். எந்த நஷ்டம் வந்தாலும் எங்கள் பொறுப்பு அந்த ஒரு ஆளுக்கு வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடப் போகிறவர்கள் முதலில் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் மேடம் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவர். அவர் முதலில் சொன்னது இதுதான்: உங்களுக்காக விசாரிக்கப் போனவர் செய்தது உங்கள் கணக்கில்தான் வரும். பழைய ஒப்பந்தச் சட்டத்திலேயே முகவர் செய்ததற்கு முதலாளி பொறுப்பு என்ற கொள்கை இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. தரவைச் சேகரிக்கச் சொன்னவர் யாரோ, அவருக்காக வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு அவருக்கே, நடுவில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரி. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்திருக்கின்றன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். நம்மைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு அவ்வளவு போடமாட்டார்கள் என்றாலும் அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அதுவரைக்கும் ஒன்றும் இல்லையா என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் போட்ட விதிகள் இருக்கின்றன. மெடிக்கல் விவரம், பேங்க் விவரம், கைரேகை மாதிரியானவற்றைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், எதற்கு என்று சொல்லியிருக்க வேண்டும், மூன்றாவது ஆளுக்குக் கொடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். புதுச் சட்டத்தில் வேலை சம்பந்தமான சில காரியங்களுக்குத் தனியாகச் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த இடம் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருப்பவரைப் பற்றியது. இன்னும் சேராதவர் நமக்கு ஊழியர் இல்லை. அதனால் விண்ணப்பித்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு என்றார் மேடம். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழிலும் கொடுக்க வேண்டுமாம். நாங்கள் இப்போது ஆரம்பத்திலேயே தமிழில்தான் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம்தான்: என்னென்ன பார்ப்போம், யாரைக் கேட்போம், யாரைக் கேட்க மாட்டோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம். "இப்போதைய கம்பெனியைத் தொடர்புகொள்ளலாமா" என்ற கேள்விக்குத் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து.

இனி அந்தக் கோர்ட் ரெக்கார்டுக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில் ஆள் எடுக்கிற எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும். இந்த ஏஜென்சிகள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள், அல்லது அதிலிருந்து திரட்டிய டேட்டாவில் தேடுகிறார்கள். வடக்கே குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கும், ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். கே. செந்தில்குமார் என்று போட்டால் ஒரு மாவட்டத்திலேயே எத்தனை பேர் வருவார்கள்? அந்தத் தம்பியின் பெயரும் இந்த ரகம்தான். ரிப்போர்ட்டில் இருந்த வழக்கு எண்ணை வைத்து வக்கீல் மேடம் எஃப்.ஐ.ஆர். எடுத்துப் பார்த்தார். பாலியல் குற்றம் மாதிரி சில உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். பார்த்தால் அப்பா பெயர் வேறு, ஊர் வேறு, வயது ஐம்பதுக்கு மேல். இனிஷியல் மட்டும் ஒன்று. கொஞ்ச நேரத்து வேலை இது. கட்டணம் வாங்கியவன் செய்யவில்லை.

அவதூறில் இதுதான் எங்களுக்குப் பாதகமாக இருந்தது. பழைய ஐ.பி.சி. 499 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. தன் நலனைப் பாதுகாக்க நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்கு உண்டு. ஆனால் போதிய கவனம் இல்லாமல் செய்த எதுவும் சட்டத்தின் கண்ணில் நல்லெண்ணம் ஆகாது. பெயரை மட்டும் பார்த்துக் கேஸ் இருக்கிறது என்று மூன்றாவது ஆளிடம் சொன்னதைக் கவனம் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அதனால் என் முதல் யோசனை: போலீஸ் விவரம் நிஜமாகவே வேண்டும் என்றால் காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கான சரிபார்ப்பு என்றே ஒரு சேவை இருக்கிறது, கட்டணம் கட்டி அங்கேயே வாங்குங்கள். விண்ணப்பதாரரே தனக்காக வாங்கித் தருவது இன்னும் நல்லது. இரண்டாவது, ரிப்போர்ட்டில் என்ன சிவப்பு வந்தாலும் முடிவு எடுக்கும் முன் அந்த ஆளிடமே காட்டி, இது நீங்களா என்று கேளுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் அந்தத் தம்பி ஐந்து நிமிடத்தில் ஆதாரைக் காட்டி இது என் அப்பா பெயர் இல்லை என்று சொல்லியிருப்பார். நிஜமாகவே அவருடைய கேஸாக இருந்தாலும் உடனே கதவைச் சாத்த வேண்டியதில்லை. அவ்தார் சிங் வழக்கில், அது அரசு வேலை சம்பந்தப்பட்டதுதான், இள வயதில் கோஷம் போட்டது மாதிரியான சின்ன விஷயங்களையும் கனமான குற்றங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. ஊர்த் திருவிழாச் சண்டையில் பத்து பேரோடு பதினொன்றாவதாகப் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்!

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. ஆரம்பத்தில் அவர் தரப்பு 10 லட்சத்திலிருந்து இறங்கவில்லை. மனைவி போட்ட மெயிலைக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது, நாங்கள் வேண்டாம் என்று சொன்னதற்கு அத்தாட்சி அது. மூன்று மாதச் சம்பளமும் அவருடைய வக்கீல் செலவும் சேர்த்து 1,20,000 என்று முடிந்தது. அத்தோடு, அந்த வழக்கு இவருடையது இல்லை என்று அவருடைய பழைய கம்பெனிக்கு எங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தோம். எங்கள் வக்கீலுக்கு 40,000. மெர்ச்சண்டைசர் இல்லாமல் சாம்பிள் அப்ரூவல் தள்ளிப்போய் ஒரு ஆர்டரைக் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்பியதில் 1,60,000 கூடுதல். ஏஜென்சிக்குக் கட்டியதையும் சேர்த்தால் மூன்றரை லட்சத்தைத் தொட்டுவிடும். பழைய அக்கவுண்டன்ட் அடித்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அவரை மாதிரி இன்னொருவர் வரக் கூடாது என்று கிளம்பியதன் செலவு. அந்தத் தம்பியிடம் மறுபடி வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "வேண்டாமுங்கண்ணா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பணத்தைவிட உறுத்தியது.

நோட்டீஸ் விஷயமாகப் போனபோது மேடம் எங்கள் பேக்கேஜ் முழுவதையும் வாங்கிப் பார்த்தார். மெடிக்கல் பட்டியலில் பேனாவை எடுத்து இரண்டு வரியை அடித்தார். ஒன்று எச்.ஐ.வி. பரிசோதனை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் வேலை கொடுக்க அதை நிபந்தனையாக்குவதையே தடை செய்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. இன்னொன்று பெண்களுக்கு யூ.பி.டி., அதாவது கர்ப்பப் பரிசோதனை. எல்.ஐ.சி.யில் சேர்ந்த நீரா மாத்தூர் என்ற பெண்ணிடம் மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் படிவத்தில் கேட்டு, பிறகு வேலையை விட்டு எடுத்தபோது, இப்படிக் கேட்பதே பெண்ணின் மானத்துக்கு இழுக்கு என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகும் ஏஜென்சி அதை பேக்கேஜில் விற்கிறது, நம்மில் பலர் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறோம். "கல்யாணம் எப்பம்மா, அப்புறம் வேலைக்கு வருவியா?" என்று நேர்காணலில் கேட்பதும் இந்த வகைதான். ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஊர் பேரைக் கேட்டு, தெருப் பேரைக் கேட்டு, சுற்றி வளைத்து என்ன ஆளுங்க என்று தெரிந்துகொள்கிற வழக்கம் நம் ஊரில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தீண்டாமையின் பேரில் வேலை மறுத்தால் 1955 குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே அது குற்றம். சட்டத்தை விடுங்கள், சாம்பிள் அப்ரூவலுக்கு சாதி எதற்கு?

மேடம் அடித்த மூன்றாவது சிபில், அதாவது ஒருவர் கடனை எப்படிக் கட்டினார் என்று காட்டும் ரிப்போர்ட். ஏஜென்சிக்காரர் அதையும் பார்த்துத் தருகிறேன் என்றிருந்தார். கடன் தகவலை யார் எடுக்கலாம் என்பதற்கு 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இருக்கிறது, பனியன் கம்பெனி முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. வங்கி வேலைக்கு, கடனைக் கட்டத் தவறியிருக்கக் கூடாது என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்து, அதைக் காட்டி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்த பாரத ஸ்டேட் வங்கியின் முடிவை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது உண்மைதான், அது பொதுப் பணத்தைக் கையாளும் வங்கி. நமக்கு அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

ஆதார் நகலை எல்லாரும் வாட்ஸ்அப்பில் வாங்கி கேலரியில் போட்டு வைத்திருக்கிறோம். தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க இடம் தந்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் அடித்துவிட்டது. பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு சேர்ந்த பிறகு வேண்டும், அது வேறு. நேர்காணல் கட்டத்தில் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்ட் ஆதார் போதும், அல்லது வேறு எந்த அடையாள அட்டையும் போதும். தையலுக்கு கான்ட்ராக்டர் கூட்டி வருகிற பிள்ளைகளின் வயது விஷயத்தில் மட்டும் ஆதாரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது பிறந்த தேதிக்கான ஆதாரம் இல்லை என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பள்ளிச் சான்றிதழைத்தான் பார்க்கச் சொன்னது. பையர் ஆடிட்டிலும் முதலில் கைவைக்கிற ஃபைல் வயதுச் சான்றுதான். பள்ளி டி.சி.யோ பிறப்புச் சான்றிதழோ ஒன்று கட்டாயம் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒரிஜினலை வாங்கி பீரோவில் பூட்டி வைத்தால் ஆள் ஓட மாட்டான் என்பது பழைய நினைப்பு, அப்படி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

சரி, அப்படியானால் எதைத்தான் விசாரிப்பது? வேலைக்குத் தேவையானதை, ஆளின் கையாலேயே. முன்பு எங்கே வேலை செய்தார் என்பதற்கு அவர் போனிலேயே பி.எஃப். தளத்தைத் திறந்து சர்வீஸ் ஹிஸ்டரியைக் காட்டச் சொல்கிறோம். எந்தக் கம்பெனி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வந்துவிடுகிறது. பாஸ்வேர்டு கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் காட்டச் சொல்கிறோம். பெயரில் இனிஷியல் விரிவு வேறு வேறாக இருந்தால் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, நம் எல்லார் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் ஆஃபர் லெட்டர் கொடுத்துவிடுகிறோம், சரிபார்ப்பு முடிவதற்கு உட்பட்டது என்று ஒரு வரியோடு. அவர் அங்கே ரிலீவ் ஆகி வந்த பிறகுதான் கடைசிக் கம்பெனிக்கு மெயில், போன் இல்லை. பொய் சொல்லியிருந்தால் அப்போதும் தெரிந்துவிடும், அந்த வரி இருப்பதால் நடவடிக்கையும் எடுக்கலாம். எடுக்காத ஆட்களின் பேப்பரையும் போட்டோவையும் மூன்று மாதத்தில் அழித்துவிடுகிறோம். பணம் புழங்கும் இடத்தில் ஒரே ஆளை விடுவதில்லை. பில் போடுபவர் ஒருவர், உள்ளே வரும் துணியைக் கணக்கு பார்ப்பவர் இன்னொருவர். எங்கள் பழைய அக்கவுண்டன்ட்டை எந்த பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனும் பிடித்திருக்காது, அவர் பேரில் எங்குமே கேஸ் இல்லை.

மற்ற கம்பெனிக்காரர்கள் எனக்குப் போன் போட்டு, உங்களிடம் இருந்த இன்னார் எப்படி என்று கேட்பார்கள். முன்பெல்லாம் டீ குடித்துக்கொண்டே கால் மணி நேரம் பேசுவேன். இப்போது சேர்ந்த தேதி, விட்ட தேதி, பார்த்த வேலை, அவ்வளவுதான், அதுவும் மெயிலில் கேட்டால். அந்த அக்கவுண்டன்ட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டார். தீர்ப்பு எதுவும் இல்லாத விஷயத்தை நான் போனில் சொல்ல முடியாது, தேதியைச் சொன்னேன். கேட்டவர் நல்ல அனுபவசாலி, "சரிங்க, புரிஞ்சுதுங்க" என்று வைத்துவிட்டார். ஏஜென்சியிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. நோட்டீஸ் அனுப்பலாமா என்று மேடம் கேட்கிறார். நோட்டீஸ் செலவையும் வரவேண்டிய 25,000ஐயும் மனைவி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.